பன்னிரண்டு நீளக் கற்கள்

விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு, தொப்பியைக்கூடக் கழற்றாமல், அன்சார் பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குப் போனார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. பிரிக்ஃபீல்ட்ஸில் முப்பத்தோரு வருஷமாக ஜவுளிக்கடை வைத்திருப்பவர் கழுத்தில் நாடா தொங்குவதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் காஜாங் மேட்டு வீட்டின் ஈரத் தரையில் முழங்காலிட்டு, ஒரு கற்சுவருக்கு வயிற்றளவு எடுத்துக்கொண்டிருக்கும் மனிதரை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? அதனால்தான் மனைவி நுஸைபா எழுந்து வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டியிருந்தது.

சுவருக்கு முன்னால் ஒரு மூங்கில் குச்சி நின்றது. பாகற்கொடி ஏற்றுவதற்கு என்று மனைவியிடம் சொல்லி அவரே ஊன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை குச்சிக்கும் கல்லுக்கும் நடுவே எட்டு அங்குல இடைவெளி. புதன்கிழமை ஏழரை. இன்று சனி. நாடாவை இரண்டு தடவை பிடித்துப் பார்த்தார். இரண்டு தடவையும் ஆறரைதான்.

குச்சி நகரவில்லை. சுவர்தான் வந்துகொண்டிருந்தது.

ஆளுயரச் சுவர். நாற்பதடி நீளம். வீட்டுக்குப் பின்னால் மேடு ஏறுகிற இடத்தில் மேல்மண்ணையும் அதில் நிற்கிற ரம்புத்தான் மரத்தையும் தாங்கிப் பிடிக்கக் கட்டியது. ஒரு கரண்டி சிமெண்ட் கிடையாது. கல்மேல் கல், கல்லுக்குப் பின்னால் கல்சில்லு, சில்லுக்குப் பின்னால் மண், அவ்வளவுதான். சுவரின் அடியிலேயே, இரண்டு பேர் உட்காருகிற மாதிரி அகலமான கல் ஒன்று திண்டாக நீட்டிக்கொண்டிருந்தது. தினமும் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு, மழை விட்டதும், நுஸைபா ஒரு குவளைத் தேநீரோடு அந்தக் கல்லில் வந்து உட்காருவாள். முதுகைச் சுவரில் சாய்த்துக்கொள்வாள். அரைமணி, முக்கால் மணி. அவள் தலைக்கு மேலேதான் சுவர் வயிறு தள்ளியிருந்தது.

சொல்லிவிடலாம். 'அங்கே உட்காராதே, சுவர் விழப் போகிறது' என்று ஒரு வாக்கியம். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னாலேயே 'ஏன்?' என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குத்தான் அன்சாரிடம் சரக்கு இல்லை. சரக்கு இருந்தது, வெளியே எடுத்துப் போடுகிற மாதிரி இல்லை.

விஷயம் இதுதான். நுஸைபா பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறுவாரமே தோட்டத்திலிருந்த புல்தரையைப் பிடுங்கி எறிந்தாள். இந்த மண்ணில் தானாக வளர்வது மட்டும் வளரட்டும் என்று பெரணியும் இஞ்சிப்பூவும் காட்டு வாழையும் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் அன்சாரிடம், "வீட்ட காலி பண்ணிட்டீங்களா பாய்?" என்று அக்கறையாகக் கேட்டார். அந்தத் தோட்டத்துக்குச் சிமெண்ட் சுவர் ஆகாது, மூச்சு விடுகிற சுவர்தான் வேண்டும் என்று நுஸைபா தேடிப் பிடித்துக் கொண்டுவந்த கல்வேலைக்காரிதான் தாமரை.

தாமரைக்கு நாற்பது வயதிருக்கும். ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை கையுறை, வாயில் எப்போதும் ஒரு கிண்டல். ஷா ஆலமில் ஒரு பூங்கா ஒப்பந்தக்காரரிடம் பத்து வருஷம் கல் அடுக்கிவிட்டு, "அந்தாளு குறட்டைய கேட்டுக்கிட்டே வேலை செய்ய முடியல" என்று தனியாகக் கிளம்பியவள். ஒரு கல்லைக் கையில் எடுத்தால் மூன்று தடவை திருப்பிப் பார்ப்பாள். வைத்த கல் ஆடினால் எடுத்துவிடுவாள். அன்சாருக்கு அவளைப் பார்க்கிறபோதெல்லாம் நாற்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு ஒரு கைக்குட்டை வாங்கிப் போகிற வாடிக்கையாளர் ஞாபகம் வரும்.

பல மாதங்களுக்கு முன், சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தபோது லோரியில் பன்னிரண்டு நீளமான கற்கள் வந்து இறங்கின.

"இது என்ன தாமரை, வாழைத்தாரு மாதிரி?" என்றார் அன்சார்.

"நீளக் கல்லு பாய். சுவத்துக்குள்ள மூணடி போகும். வெளிய மூஞ்சி மட்டும்தான் தெரியும்."

"மூணடி உள்ள, ஒரு சாண் வெளிய. உள்ள இருக்கறத யாரு பாக்கப் போறா?"

"நீங்க பாக்க மாட்டீங்க. மண்ணு பாக்கும்." கையை முஷ்டியாக்கி இன்னொரு கைக்குள் செருகிக் காட்டினாள். "முன்னாடி அடுக்கும் பின்னாடி சில்லும் தனித்தனியா நின்னா, ஒரு மழை போதும், பிரிஞ்சிடும். இந்தப் பன்னெண்டும்தான் ரெண்டையும் சேத்துப் புடிச்சிக்கிட்டு நிக்கும். சிமெண்ட் இல்லாத சுவத்துக்கு இதுதான் ஆணி."

அன்றைக்குச் சாயங்காலமே ஈப்போவிலிருந்து தாமரைக்குப் போன். தங்கைக்குப் பிரசவ வலி. கிளம்புகிற அவசரத்திலும் விரலை நீட்டிச் சொல்லிவிட்டுத்தான் போனாள்: "நாலு நாள்ல வந்துடுவேன். அதுவரைக்கும் யாரும் கல்லுல கை வைக்கக் கூடாது. உங்களத்தான் சொல்றேன் பாய், அங்க எங்க பாக்கறீங்க?"

நாலு நாள் இருந்தால்தானே? அந்தச் சனிக்கிழமை மகளைப் பார்க்கப் பினாங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. தோட்டத்தில்தான் தேநீர். தோட்டத்திலோ பாதிச் சுவர், பாதிப் பள்ளம், மேலே நீலத் தார்ப்பாய். கல் குவாரியில் கேட்டால் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் லோரி இல்லை என்றார்கள். அன்சார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். சுவருக்குக் கல் போதவில்லை. பக்கத்திலேயே பன்னிரண்டு நீளக் கற்கள் சும்மா படுத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை. இரண்டு முனையும் லட்சணமான முகம். இரண்டு பக்கமும் முந்தானை வைத்து நெய்த துணி கையில் கிடைத்தால் எந்த ஜவுளிக்காரன் அதை முழுசாக விற்பான்?

பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த இரண்டு தொழிலாளிகள் வெட்டு மெஷினோடு வந்தார்கள். நடுவில் ஒரு கோடு. பன்னிரண்டு இருபத்து நான்கானது. வெட்டிய பக்கம் உள்ளே, நல்ல முகம் வெளியே. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் சுவர் தலை வரை எழும்பிவிட்டது. மகளோடு கடைகடையாக அலைந்துவிட்டு வந்த நுஸைபா பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டாள்.

சொன்னதற்கு முன்னாலேயே, சனிக்கிழமை காலையில், தாமரை திரும்பி வந்தபோது மண்கூட மூடியாகிவிட்டது. சுவரின் முன்னால் இப்படியும் அப்படியும் நடந்தாள். திட்டினாள். பிறகு கேட்டாள்: "நீளக் கல்லு பன்னெண்டையும் உள்ள நீட்டமாத்தானே வச்சாங்க?"

"பன்னெண்டையும். நான் சொன்ன மாதிரியே."

"'நீ சொன்ன மாதிரி'ன்னு சொல்லுங்க. முழுசா?"

"கேரண்டி," என்றார் அன்சார்.

சாயம் போகாது, சுருங்காது, கல்யாணப் பொண்ணுக்கே இதைத்தான் எடுத்தார்கள் என்று முப்பத்தோரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி வழுவழுப்பாகிவிட்ட அதே குரல். சத்தியம் மட்டும் செய்யவில்லை. சத்தியத்தை அவர் சில்லறைக்குச் செலவழிப்பதில்லை. தாமரையும் அதற்கு மேல் கேட்கவில்லை. பிரித்துப் பார்த்தால் பினாங்குக்காரர்களுக்குப் பள்ளத்தில்தான் பாய் விரிக்க வேண்டும் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

கல்யாணம் நடந்தது. மகள் பினாங்கு போனாள். சுவரில் பெரணி முளைத்தது, இடுக்குகளில் அரணை குடியேறியது. ஒருநாள் நுஸைபா திண்டுக் கல்லில் சாய்ந்தபடியே, "முப்பது வருஷத்துல எனக்குன்னு நீங்க நின்னு செஞ்ச ஒரே வேலை இதுதாங்க" என்றாள். அன்சார் அந்தப் பாராட்டை வாங்கி மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். இப்போது, நவம்பர் மழையில், அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

சுவர் நகர ஆரம்பித்த அந்த வாரம் முழுக்க அவர் கடையில் இருந்தபடியே கடையில் இல்லை. மூன்று மணிக்கு மேல் காஜாங் பக்கம் வானம் கறுத்திருக்குமா என்று வாசலுக்கும் கல்லாவுக்குமாக நடந்தார். ஒரு வாடிக்கையாளர் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்டபோது அவர் தலையாட்டிவிட, அந்த அம்மாள் பயந்துபோய்த் துணியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். நாலரை மணி கொமுட்டர் ரயிலைப் பிடித்து வீட்டுக்கு ஓடிவருவார். கதவைத் திறக்கும் முன்பே காதைத் தீட்டிக்கொள்வார். அவளுடைய குரல் கேட்கிறதா, குவளை கல்லில் உரசுகிற சத்தம் கேட்கிறதா. கேட்டதும்தான் மூச்சு வரும். வந்த மூச்சு அவள் தலைக்கு மேலே பார்த்ததும் மறுபடி நின்றுவிடும்.

"உள்ள வந்து உக்காரேன். டிவி பாக்கலாம்."

"டிவில தவளை கத்துமா?"

"கொசு கடிக்கும்."

"முப்பது வருஷமா கடிக்குது. நீங்களும் வாங்க, எடம் இருக்கு."

அன்சார் உட்கார்ந்தார். வேறென்ன செய்வது? கணவனும் மனைவியுமாக முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு தேநீர் குடித்தார்கள். அவருடைய முதுகுத்தண்டின் வழியே கல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. பின்னால் எங்கோ மண் பொடி உதிர்கிற சத்தம், அரிசியை முறத்தில் போடுகிற மாதிரி. நுஸைபா, "அரணை" என்று சிரித்தாள். அன்சார் மிச்சத் தேநீரைப் பெரணியில் ஊற்றினார்.

சனிக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, நாடா ஆறு அங்குலம் காட்டியது. அன்று காலை நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அன்சார் பொய்யை எடுத்துவிட்டார்.

"பாம்பு," என்றார். "சுவத்துல. நம்ம திண்டுக்கு மேலயே ஒரு பொந்து இருக்கு பாரு, அதுக்குள்ள போச்சு. இத்தாந்தண்டி."

நுஸைபா கரண்டியைக் கீழே வைத்தாள். அன்சாருக்கு நெஞ்சு லேசானது. இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள்.

"என்ன நிறம்?"

"கருப்பு."

"வரி இருந்துச்சா?"

"இருந்துச்சு... லேசா."

"தலை எப்படி? வட்டமா, முக்கோணமா?"

"தலை உள்ள போயிடுச்சு. நான் வாலத்தான் பாத்தேன்."

நுஸைபாவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "சுவரு உயிர் புடிச்சிருச்சுங்க!" என்றாள். "தவளை வந்து, அரணை வந்து, இப்ப அதைத் தின்ன பாம்பு வந்திருக்கு. இதுக்குத்தானே இத்தனை பாடு!"

அன்று சாயங்காலம் அவள் திண்டுக் கல்லில் உட்காரவில்லை. அதில் உட்கார்ந்தால் பொந்து தெரியாது அல்லவா? பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவருக்கு மூன்றடி தள்ளிப் போட்டு, கையில் டார்ச்சும் மடியில் நோட்டுப் புத்தகமுமாக, வயிறு தள்ளிய கல்லுக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டாள். வழக்கமாக முக்கால் மணி உட்காருகிறவள் இருட்டி மஃரிப் பாங்கு சொல்லும்வரை அசையவில்லை. திங்கட்கிழமையும் அப்படியே. ஒருமுறை எழுந்து போய் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். சமையலறை ஜன்னலில் நின்ற அன்சார் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் பாம்பு பயந்துவிடும் என்று அவள் கையைக் காட்டி அடக்கியிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை காலை, அவர் கடைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்: "தாமரைய வரச் சொல்லியிருக்கேன். பத்து மணிக்கு."

சட்டையின் மேல் பொத்தான் கீழ்த் துளைக்குள் போனது. "எதுக்கு?"

"பொம்பா தீயணைப்புக்காரங்களைக் கூப்பிட்டா பாம்ப புடிச்சிட்டுப் போயிடுவாங்க. அடிச்சாலும் அடிச்சிடுவாங்க. அவதானே கட்டினா, எந்தப் பொந்து எங்க போகுதுன்னு அவளுக்குத்தானே தெரியும்? கீழ ஒரு கல்ல எடுத்து உள்ள பாக்கறேன்னு சொன்னா."

அன்சார் கடைக்குப் போகவில்லை.

தாமரை பத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே லோரியில் வந்துவிட்டாள். தனியாகத்தான். "என்ன பாய், கடை லீவா? நாட்டுல துணி உடுத்தறத நிறுத்திட்டாங்களா?" என்றபடியே பெரணியை விலக்கினாள். விலக்கியவள் சிரிப்பை நிறுத்தினாள். உள்ளங்கையைச் சுவரில் வைத்து, மெல்ல மேலிருந்து கீழாக இழுத்தாள்.

"வயிறு தள்ளியிருக்கே."

"அப்படியா?" என்றார் அன்சார். அவருக்கே அந்தக் குரல் பிடிக்கவில்லை.

"இந்த மழைக்குப் பின்னாடி தண்ணி அடைச்சிக்கிட்டு நிக்குது போல. கீழ ஒரு கல்ல உருவினா பாம்பும் தெரியும், தண்ணியும் போகும்." திண்டுக் கல்லை ஒட்டி முழங்காலிட்டாள். "நுஸைபாக்கா, தே போடறீங்களா? சீனி கம்மி."

"போட்டுக்கிட்டே இருக்கேன்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கிழக்கே இடி உருண்டது. பத்து மணிக்கே வெளிச்சம் மங்கியது. தாமரை கம்பியை இடுக்கில் விட்டு நெம்பினாள். அடிக்கல் ஒன்று அசைந்தது. தோளைச் சுவரில் கொடுத்து, இரண்டு கையாலும் கல்லைப் பிடித்து, ஒரு சாண் வெளியே இழுத்தாள். பழுப்புத் தண்ணீர் பீறிட்டு அவள் மடியை நனைத்தது.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல?"

"போதும் தாமரை. விட்டுடு. மழை வருது."

"மழை வர்றதுக்குள்ளதான் எடுக்கணும் பாய்."

"விழுந்துடப் போகுது."

"எப்படி விழும்? மேல பன்னெண்டு நீளக் கல்லு புடிச்சிக்கிட்டு நிக்குதே. கீழ நான் நாலு கல்ல எடுத்தாலும் அது பாட்டுக்குத் தொங்கும்." இன்னும் இரண்டு விரல் இழுத்தாள். தலைக்கு மேலே எங்கோ கல்லும் கல்லும் பல்லைக் கடித்தன. அன்சாருக்கு மட்டும்தான் அது கேட்டது போலும்.

பேசு, பேசு என்று அவருக்குள்ளேயே ஒருவர் அடித்துக்கொண்டார். வாய் வழக்கம்போல வியாபாரத்துக்குப் போனது. "இன்னிக்கு வேணாம். மழைக்காலம் முடியட்டும். ஜனவரில வந்து மொத்தமா பிரிச்சுப் புதுசாவே கட்டிடு."

"மொத்தமாவா?" தாமரை தோளைச் சுவரிலிருந்து எடுக்காமலே சிரித்தாள். "ஒரு லோரி கல்லு வேணும், ரெண்டு ஆளு வேணும், பத்து நாள் ஆகும். ஆறாயிரம் வெள்ளி."

"சரி."

"ஆறாயிரம்."

"சரின்னேன்ல. இப்பவே தர்றேன். எந்திரிச்சு வா."

தாமரையின் சிரிப்பு நின்றது. கை நின்றது. முதன்முதலாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் சுவர் கட்ட வந்த முதல் நாளில் மணலுக்கும் சில்லுக்கும் தனித்தனியாக ஒன்றரை மணி நேரம் பேரம் பேசியவர். குடித்த தேநீருக்குக்கூட வேலை நேரத்தில் கழிவு கேட்டவர்.

"பாய்," என்றாள் மெதுவாக, "நீங்க பேரம் பேசலன்னா எனக்குப் பயமா இருக்கு. என்ன விஷயம்?"

பின்கதவு திறந்தது. நுஸைபா தட்டில் மூன்று குவளையோடு படியிறங்கினாள். நேராகத் திண்டுக் கல்லைப் பார்த்து நடந்தாள், தட்டை வைக்க அதுதான் தோதான இடம். ஆறடி. ஐந்தடி.

"பாதி," என்றார் அன்சார்.

"எது பாதி?"

"எல்லாமே. பன்னெண்டையும் வெட்டிட்டேன். உள்ள நீளக் கல்லே இல்ல."

தாமரை திட்டவில்லை. சுவரில் கொடுத்திருந்த தோளை எடுக்கப் பார்த்தாள், எடுக்கவில்லை. எடுத்தால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நேரம் விளையாட்டாக முட்டுக்கொடுத்திருந்தவள் இப்போது நிஜமாகவே முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றாள், தூங்கும் குழந்தை எழுந்துவிடாமல் பேசுகிறவள் போல. "தட்ட அங்கேயே கீழ வச்சிட்டு வீட்டுக்குள்ள போங்க. ஓடாதீங்க. நடங்க."

"ஏன், பாம்பு வந்துருச்சா?"

"போங்கக்கா."

நுஸைபா தட்டை வைத்தாள். படி வரை போனாள். உள்ளே போகவில்லை.

"பாய். அந்தச் சப்பட்டைக் கல்லு, உங்க கால்கிட்ட. எடுத்துட்டு வாங்க. நான் இந்தக் கல்ல உள்ள தள்ளினதும் அடியில ஆப்பா அடிக்கணும். என் கை ரெண்டும் காலியில்ல."

வயிறு தள்ளிய சுவருக்கும் அவருக்கும் நடுவே நான்கடி. முதல் பெரிய துளி மழை அன்சாரின் மூக்கில் விழுந்தது. கால்கள் மண்ணில் வேர்விட்டிருந்தன. முப்பத்தோரு வருஷத்தில் அவர் போலீஸ்காரரைச் சமாளித்திருக்கிறார், கடன்காரரைச் சமாளித்திருக்கிறார், ஒருமுறை கத்தியோடு வந்தவனிடம்கூடப் பேசிப் பேசி அனுப்பியிருக்கிறார். இந்தச் சுவரிடம் பேச ஒன்றுமில்லை. இது காது கேட்காத வாடிக்கையாளர்.

"பாய், எனக்குத் தோள் விட்டுப் போகுது லா!"

கல்லை எடுத்தார். குனிந்து, சுவரின் நிழலுக்குள் போனார். உள்ளே வேறு வாசனை அடித்தது, கிணறு தோண்டுகிற இடத்து வாசனை. அவருடைய கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில், அவரே ஆசைப்பட்டு வெளியே காட்டிய நல்ல முகமுள்ள கல் ஒன்று நகர்ந்தது. நத்தை நகர்வது போலத்தான். ஆனால் நகர்ந்தது. தாமரை பல்லைக் கடித்துக்கொண்டு அடிக்கல்லை உள்ளே தள்ளினாள். அன்சார் சப்பட்டைக் கல்லை அதன் அடியில் வைத்து, இன்னொரு கல்லால் அடித்தார். ஓர் அடி விரலில் விழுந்தது. இன்னொன்று சரியாக விழுந்தது. கண்ணுக்குள் மண் கொட்டியது.

"இன்னொன்னு அடிங்க. போதும். நான் எண்ணறேன். மூணுன்னதும் பின்னாடி விழுங்க, எந்திரிக்காதீங்க. ஒண்ணு. ரெண்டு..."

மூன்று சொன்னாளா என்று அவருக்குத் தெரியாது. யாரோ அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். இருவரும் காட்டு வாழைக்குள் போய் விழுந்தார்கள். முதுகில் புரண்டு பார்த்தார். சுவர் நின்றுகொண்டிருந்தது. ஆப்பு பிடித்துவிட்டது. மழை சட்டென்று கொட்டியது.

"நின்னுடுச்சு," என்றார். "தாமரை, நின்னுடுச்சு—"

தாமரை எழுந்துவிட்டாள். அவரை அக்குளில் கைகொடுத்துப் படி வரை தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். அங்கே நுஸைபாவின் பக்கத்தில் மூவருமாக மழையில் நின்றார்கள். ஐந்து நிமிஷம் இருக்கலாம். யாரும் உள்ளே போகவில்லை. கண்ணை எடுத்தால் விழுந்துவிடும் என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. லோரியிலிருந்து கல் கொட்டுகிற சத்தம்தான், சுவர் கட்டிய நாட்களில் அவர்கள் கேட்டுப் பழகிய சத்தம். நடுவில் வயிறு கிழிந்து, பத்தடி அகலத்துக்கு முன்முகம் மட்டும் கழன்று குப்புற விழுந்தது. பின்னாலேயே சில்லும் சேறும் வந்தன. ரம்புத்தான் மரம் ஒருமுறை தலையைக் குனிந்து பார்த்துவிட்டு, சாய்ந்தபடி நின்றுவிட்டது. திண்டுக் கல் இருந்த இடம் தெரியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியின் ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

தோட்ட ஓரத்து மூங்கில் வேலி வரை உருண்டு வந்த கற்களில் சில, வெட்டிய பக்கத்தை மேலே காட்டிக்கொண்டு கிடந்தன. மெஷின் அறுத்த இடம் மழையில் நனைந்து, கண்ணாடி போல வழவழவென்று மின்னியது. ஒன்று, இரண்டு, ஐந்து. அறிவியல் ஆசிரியைக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

"பாம்பு?" என்றாள் நுஸைபா.

"இல்ல."

"சுவரு விழும்னு எப்பலேர்ந்து தெரியும்?"

அன்சார் குறைத்துச் சொல்லப் பார்த்தார். நேற்று என்று சொல்லலாம். முந்தாநாள் என்று சொல்லலாம். நாக்கில் இரண்டும் வந்து நின்றன. தாமரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன ஞாயித்துக்கு முந்தின ஞாயிறு."

நுஸைபா விரலை மடித்தாள். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனது. "ஒம்பது சாயங்காலம்," என்றாள். "ஏழு நாள் அதுல சாஞ்சு உக்காந்திருந்தேன். ரெண்டு நாள் எதிர்ல உக்காந்திருந்தேன். நீங்க ஜன்னல்ல நின்னீங்க."

"நானும் ஒருநாள் உக்காந்தேன் நுஸைபா. உன் பக்கத்துலதான்..."

அது ஏதோ பெரிய வாதம் என்று நினைத்துத்தான் சொன்னார். சொன்ன பிறகு அதன் எடை அவருக்கே தெரிந்தது. தாமரை, "நான் லோரில போய் உக்காந்துக்கறேன்கா. தோள் வலிக்குது" என்று சொல்லி வீட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். போகிறபோது அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, கிண்டலும் செய்யவில்லை. அவளிடமிருந்து ஒரு கிண்டல் வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மழை இருவரையும் நனைத்துக்கொண்டிருந்தது. நுஸைபா அழவில்லை, கத்தவில்லை. எதையோ யோசிக்கிற முகம். பிறகு, விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள்:

"போன மாசம் கிளினிக்ல எனக்கு ஸ்கேன் எடுத்தாங்களே. நான் மக வீட்டுக்குப் போயிருந்தேன், நீங்கதானே போய் ரிசல்ட் கேட்டுட்டு வந்தீங்க."

"ஆமா."

"ஒண்ணுமில்லன்னு சொன்னாங்கன்னு சொன்னீங்க."

"ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க. நல்லா இருக்கு, அடுத்த வருஷம் வந்தா போதும்னு டாக்டரே சொன்னாரு. அல்லாஹ் மேல ஆணையா, நுஸைபா."

அது உண்மை. அட்சரம் பிசகாத உண்மை. அவர் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமான சரக்கை யாருக்கும் எடுத்துக் காட்டியதில்லை. ஆனால் குரல் பழைய குரலாகவே வந்தது. வழுவழுப்பாக, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தி. அவருடைய காதுக்கே அது கேட்டது. வேறு குரலைத் தேடிப் பார்த்தார். இல்லை.

நுஸைபா தலையசைத்தாள். நம்பினேன் என்கிற தலையசைப்பு அல்ல. சேலையைப் பார்த்துவிட்டு, 'சுத்திட்டு வர்றேன்' என்று சொல்லிக் கடையை விட்டு இறங்குகிறவர்கள் செய்வார்களே, அது. ஈரக்காலோடு படியேறி உள்ளே போனாள். சமையலறை ஜன்னல் வழியாக அவள் போனை எடுப்பது தெரிந்தது. எண்ணைத் தேடி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

"ஹலோ? கிளினிக்கா? என் பேர் நுஸைபா. போன மாசத்து ரிசல்ட் ஒண்ணு கேக்கணும்... இல்ல, நானேதான் பேசறேன்... சரி, காத்திருக்கேன்."

என்ன பதில் வரும் என்று அன்சாருக்குத் தெரியும். நல்ல பதில்தான். இருந்தும் மழையிலேயே நின்று, அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.